முதலில் படித்தவர்

மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் உட்கார்ந்ததும் அவர் வந்து எங்கள் டிபன் டப்பாக்களைத் திறந்து பார்ப்பார். யாரையும் கேட்கமாட்டார். வரிசையாக மூடியைத் தூக்கி, "உனக்கு இன்னிக்குக் கத்திரிக்காயா", "உங்க வீட்ல மீனு வாங்கிருக்காக போல" என்று சொல்லிவிட்டு மூடிவிடுவார். ஒரு கவளம் எடுத்துச் சாப்பிட்டதில்லை. தெரிந்தால் போதும் அவருக்கு. தன் சாப்பாட்டை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, வீடு எந்தத் தெருவில், அப்பா அம்மா இருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கே வேலை பார்த்த யாருக்கும் தெரியாது.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஹோட்டலாக்கியிருந்தார்கள். நான் அதில் வரவேற்பில் இருந்தேன். அவர் மேனேஜர். சென்னையில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்பதால் வைஃபை, கேமரா, ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நாங்கள் 'சார்' என்போம். பெயரை எழுதினால் இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியும், அதனால் இங்கேயும் சார் என்றே இருக்கட்டும். ஒல்லியான மனிதர். இஸ்திரி கலையாத சட்டை. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய லேப்டாப் திரையில் ஒரு கண்ணாடித் தாள் ஒட்டியிருப்பார், நேராக உட்கார்ந்தால்தான் படிக்கலாம், பக்கத்திலிருந்து பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும். அதன் கேமராவின் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டி ஒட்டியிருப்பார்.

தங்க வருகிறவர்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒருமுறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஹோட்டல் வைஃபையில் பணம் அனுப்பினால் யாராவது பார்த்துவிடுவார்களா என்று கேட்டார். சார் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அட்ரசுக்கு முன்னால பூட்டுப் படம் இருக்கான்னு பாருங்க ஐயா. இல்லாட்டி நீங்க எழுதுறது தபால் கார்டுல எழுதுற மாதிரி. வழியில இருக்க எல்லாரும் படிக்கலாம். பூட்டு இருந்தா உங்க போனும் பேங்கும் மட்டுந்தான் படிக்க முடியும். நடுவுல இருக்க எங்க கைக்கு வர்றது வெறும் கிறுக்கல்."

"பூட்டுன்னா சாவி வேணுமே. சாவிய அனுப்புறப்ப நீங்க எடுத்துக்கலாமில்ல?"

இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. "சாவிய அனுப்பவே மாட்டாக ஐயா. பேங்கு, தொறந்து கெடக்குற பூட்ட மட்டும் அனுப்பும். கேட்டா எனக்கும் குடுக்கும். நீங்க உங்க சேதியப் பெட்டியில வச்சு அந்தப் பூட்ட அமுக்கிவிட்டா முடிஞ்சுச்சு. தொறக்குற சாவி பேங்க விட்டு வெளிய வராது."

"அது பேங்கோட பூட்டுதான்னு என் போனுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் சர்டிபிகேட்டு. நம்பலாம்னு கொஞ்சம் சாட்சிக பேரு போனுக்குள்ள ஏற்கனவே இருக்கும். அவுக கையெழுத்துப் போட்ட பூட்டத்தான் போன் ஏத்துக்கும்."

பெரியவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். இவ்வளவு பொறுமையாக ஒருவரால் சொல்லித்தர முடியுமா என்று எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. அதே ஆள்தான் அந்த வாரம் கருப்பையாவின் கதையை முடித்தார்.

கருப்பையா கல்லலில் இருந்து வருகிற சர்வர். சிரித்த முகம். கொச்சியில் ஒரு ஹோட்டலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எங்கள் வைஃபையிலேயே ஏதோ ஒரு வேலை தேடும் தளத்தில் விண்ணப்பம் எழுதி அனுப்பியிருக்கிறான். அப்போது பாதித் தளங்களுக்குப் பூட்டு கிடையாது. காலையில் முற்றத்தில் எல்லோரையும் நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது சார் ஒரு தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். கருப்பையா எழுதிய ஆங்கிலம். ஒவ்வொரு பிழைக்கும் நிறுத்தி, அதைத் தமிழில் சொல்லி, மெதுவான குரலில் படித்தார். "இப்போது இருக்கும் இடத்தில் மரியாதை இல்லை" என்ற வரியை இரண்டாம் முறையும் படித்தார். சிலர் சிரித்தார்கள்.

"தப்பையெல்லாம் திருத்தியிருக்கேன். இத அனுப்பு, கெடைக்கும்" என்று தாளை அவனிடம் நீட்டினார்.

கருப்பையா வாங்கிக்கொண்டான். "இது எப்புடி சார் உங்ககிட்ட" என்று மட்டும் கேட்டான்.

"பூட்டில்லாத எடத்துல எழுதுனா நான் படிக்காம ஆரு படிப்பா?"

திருத்திக் கொடுத்த தாளை அவன் கொச்சிக்கு அனுப்பவில்லை. கொஞ்ச நாளில் நின்றுவிட்டு, திருப்பத்தூரில் அண்ணன் டீக்கடைக்குப் போய்விட்டான். கடைசி நாள் வரைக்கும் மேசையில் தட்டு வைக்கும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பிறகு ஒவ்வொரு தளமாகப் பூட்டுப் போட ஆரம்பித்தார்கள். உலகத்துக்கு நல்லது நடந்தது, எங்கள் சாருக்கு மட்டும் இருட்டிவிட்டது. "நீங்க எந்த வீட்டுக்குப் போறீகன்னு தெரியுது, உள்ள என்ன பேசுறீகன்னு தெரிய மாட்டேங்குது" என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த நாட்களில் அவர் பக்கத்தில் நிற்கவே முடியாது. போன் பேசுகிறவர்களுக்குப் பின்னால் வந்து நிற்பார். வேலை முடிந்து போகிறவர்களின் பையை வாட்ச்மேன் திறந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பைக்குள் மடித்து வைத்த மாற்றுச் சேலைக்கு நடுவில் கைவிட்டுத் தேட வேண்டியிருக்கிறதே என்று வாட்ச்மேன் எங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தேடுவார்.

ஒருநாள் மறுபடி முகம் தெளிந்து வந்தார். "ஸ்டாஃபுக்குப் புது வைஃபை போட்டிருக்கேன். போன எல்லாரும் எங்கிட்டக் குடுங்க. ஒரு சர்டிபிகேட்டு ஏத்தணும்."

அந்த வீட்டுச் சுவர்களுக்குள் செல்போன் சிக்னல் வராது. வைஃபை இல்லாவிட்டால் வீட்டிலிருந்து ஒரு சேதி வராது. எல்லோரும் கொடுத்தோம். என் போன் திரும்பி வந்ததும், உங்கள் நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம் என்று மேலே ஒரு எச்சரிக்கை காட்டியது. போய்க் கேட்டேன்.

"போனு அப்புடித்தான் சும்மா மெரட்டும்" என்றார்.

அவர் என்ன செய்தார் என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது. பெரியவரிடம் சொன்னாரே, நம்பகமான சாட்சிகள் என்று, அந்த வரிசையில் தன்னையும் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் போன் பேங்கைக் கூப்பிட்டால் நடுவில் இவர் 'நான்தான் பேங்க்' என்று தன் பூட்டைக் கொடுப்பார். சாட்சிக் கையெழுத்தும் அவருடையதே என்பதால் போன் நம்பிவிடும். அவர் திறந்து படித்துவிட்டு, பேங்கின் பூட்டைப் போட்டு அங்கே அனுப்பிவிடுவார். எங்கள் திரையில் பூட்டுப் படம் இருக்கத்தான் செய்தது. வாட்ஸ்அப் மாதிரி சில செயலிகள் மட்டும் அவர் கையெழுத்தை ஏற்கவில்லை. மற்றபடி இணையத்தில் நாங்கள் திறந்த பக்கமெல்லாம் அவர் படித்த பக்கம்.

முதலில் நல்ல சேதியில்தான் அது தெரிந்தது. சமையல் மாஸ்டர் காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். சார் போய் அவர் வாயில் ஒரு மைசூர்பாகைத் திணித்தார். "மக பாஸாயிருச்சு மாஸ்டர். கணக்குல மட்டும் கொஞ்சம் கம்மி." மாஸ்டர் தன் போனில் தேர்வு முடிவைத் தேடிப் பார்த்திருக்கிறார், பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததால் போனை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டிருக்கிறார். வாய் நிறைய இனிப்போடு அவர் விழித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. மகளுக்கு அவரே போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறார். சார் அதற்குள் அந்தப் பெண்ணின் மதிப்பெண்களை ஒவ்வொரு பாடமாகச் சமையல்கட்டு முழுவதும் சொல்லிவிட்டார்.

அடுத்தவர் சேதி அவர்களுக்கு முன்னால் தனக்கு வந்துவிட வேண்டும். அதுதான் அவருக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

பஞ்சவர்ணம் அக்கா அறைகளைப் பார்த்துக்கொள்கிறவர். இளையாத்தங்குடிப் பக்கம் ஒரு கிராமம். கூட்டிப் பெருக்க வந்து, படிப்படியாக எல்லா அறைகளும் அவர் கைக்கு வந்திருந்தன. விரிப்பை அவர் இழுத்துக் கட்டினால் அதன் மேல் காசைப் போட்டால் துள்ளும். சாரிடம் பயப்படாத ஒரே ஆள். சார் தன் டப்பாவிடம் வந்தால் அக்கா மூடியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, "கறிக்கொழம்பு ஆறிப்போகும் சார், அங்குட்டுப் போங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சாரும் சிரிப்பார். அவர் கண்ணில் அந்தச் சிரிப்பு இருக்காது.

அந்த சீசனில் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பை அக்காவுக்குக் கொடுத்து நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். முதலாளி என்றால் சென்னையில் இருக்கிற ஆச்சி, மாதத்துக்கொரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். நிரந்தரமானால் மருத்துவ இன்சூரன்சும் உண்டு.

அதற்கு முந்தின வாரம் அக்கா மதுரைக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்திருந்தார். "ஒடம்புல ஒரு கட்டி பாப்பா. ஊசி போட்டுச் சதை எடுத்திருக்காக" என்றார். எந்த இடத்தில் என்று சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் போனை நீட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிப் பக்கத்துக்குள் போவதற்கு மகன் ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்திருந்தான், அதைப் போட்டுத் திறந்தும் விட்டார்.

"ரிப்போர்ட்டு வந்திருச்சு. எல்லாம் இங்கிலீசு."

"நான் பாக்கட்டா அக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "வேணாம் பாப்பா. எங்க அண்ணன் மக நர்சுக்குப் படிக்குது, ஞாயித்துக்கெழம வருது. அதுட்டக் காட்டிக்கிறேன்." கூச்சம்தான். நான் வற்புறுத்தவில்லை.

மதியம் சார் அவரைக் கூப்பிட்டார். அன்றைக்கு வரவேண்டிய விருந்தினர்களின் விவரத்தைக் கேட்டு நானும் அவர் மேசை முன்னால் நின்றிருந்தேன்.

"பஞ்சவர்ணம், இந்த மாசத்தோட நின்னுக்க."

"என்ன சார் சொல்றீக?"

"வேற ஆளப் போடச் சொல்லி ஆச்சிகிட்டப் பேசிட்டேன். இன்சூரன்சுக்கும் உன் பேர அனுப்பல."

"நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?"

"தப்பு ஒண்ணுமில்ல. ஒடம்புக்கு முடியாதவுகள வச்சு சீசன ஓட்ட முடியாதுல்ல."

"எனக்கு என்ன சார் ஒடம்புக்கு?"

சார் தலையைத் தூக்கிப் பார்த்தார். அக்காவுக்கு இன்னும் தெரியாது என்பது அந்த நொடியில்தான் அவருக்குப் புரிந்தது. அவர் முகத்தில் அதை நான் பார்த்தேன். போய் டாக்டரைப் பார் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய் தவறிவிட்டது என்று ஏதாவது சமாளித்திருக்கலாம். ஆனால் அவர் முகம் மலர்ந்தது. விருந்தினர்களுக்குச் சொல்லித்தரும்போது வருகிற அதே முகம்.

"உக்காரு" என்றார். வேலைக்காரர்கள் யாரையும் அவர் உட்காரச் சொன்னதில்லை. அக்கா உட்கார்ந்தார்.

லேப்டாப்பைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். "இது உன் பேரு. இது வயசு. எடுத்த எடம் எடது மாரு. இந்த வார்த்தையப் பாரு, கார்சினோமா. அப்புடின்னா புத்துநோய்." பென்சிலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். "கிரேடு மூணுன்னு போட்டிருக்கு. இதுல மூணுக்கு மேல கெடையாது."

"சார், போதும்" என்றேன்.

"அவ ரிப்போர்ட்டு. அவளுக்குத் தெரிய வேணாமா?"

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழவில்லை. "இது என் போனுக்குல்ல சார் வந்துச்சு" என்றார்.

"வைஃபை நம்மதுதானே" என்றார் சார்.

அக்கா எழுந்து போனார். வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். மாடி அறையில் கட்டிலுக்குப் புது விரிப்பை உதறிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆள் வருகிற அறை அது. "அந்த முனையப் பிடி பாப்பா" என்றார். பிடித்தேன். இருவருமாக இழுத்துக் கட்டினோம். தலையணை உறையை மாட்டும்போது அவர் இடது கை மேலே எழும்பாமல் நின்றது. அதுவரைக்கும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. சாயங்காலம் போகும்போது வாட்ச்மேன் அவர் பையைத் திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவே பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்.

நான் ஆச்சிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"பாவந்தான். ஆனா சீசன் நடுவுல அவ படுத்துட்டா நம்ம என்ன செய்றது? மேனேஜரு முன்கூட்டியே சொன்னதும் நல்லதாப் போச்சு" என்றார்.

"அவரு போனுக்குள்ள பூந்து படிச்சிருக்காரு ஆச்சி."

"வேலைக்காரவுகள ஒரு கண்ணு பாத்துக்கச் சொன்னதே நான்தானே புள்ள."

கடைசியில் சாரின் வேலை போனது ஒரு பெண்ணால்தான், ஆனால் அது பஞ்சவர்ணம் அக்கா இல்லை. எங்களைப் படித்துப் படித்து அவருக்கு அலுத்திருக்க வேண்டும். விருந்தினர்கள் வைஃபைக்குள் நுழையும்போதும் 'வேகமான இணைப்புக்கு இதை நிறுவவும்' என்று அந்தச் சர்டிபிகேட்டைக் காட்ட வைத்தார். பலர் யோசிக்காமல் நிறுவினார்கள். ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு பெண்மணிக்கு இணையப் பாதுகாப்புதான் தொழில். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். இதை வைத்தவர் உங்கள் எல்லோருடைய கடிதங்களையும் படிக்கிறார், தெரியுமா என்றார். அதன் பிறகுதான் எனக்கு எல்லாம் விளக்கமாகத் தெரிந்தது.

மறுநாளே ஆச்சி சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார். முற்றத்தில் நின்றபடியே, "வந்து தங்குறவுக சமாச்சாரத்துல கை வைக்கலாமா நீங்க?" என்றார்.

"ஸ்டாஃபுக்குச் செஞ்சப்ப நல்லதுன்னு சொன்னீகளே ஆச்சி."

"அது வேற" என்றார் ஆச்சி.

சார் வாதாடவில்லை. லேப்டாப் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். அந்தப் பெண்மணி எங்கள் போன்களை வரிசையாக வாங்கி, அமைப்புகளுக்குள் போய்ச் சர்டிபிகேட்டை அழித்துக் கொடுத்தார். என்னுடையதில் அழிப்பதற்கு முன் காட்டினார். உலகத்துப் பெரிய பெரிய நிறுவனங்களின் பெயர்களை எல்லாம் நம்பச் சொல்லியிருந்த என் போனில், இன்னொரு பக்கத்தில் சாருடைய பெயர் இனிஷியலோடு தனியாக இருந்தது.

இப்போது அவர் காரைக்குடியில் கடை வைத்திருக்கிறார். பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளுக்குக் கேமரா வைத்துத் தருகிறார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற வீட்டுக்காரர்கள் அங்கிருந்தே தங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கல்லூரிகளில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசவும் அழைக்கிறார்கள். என் நாத்தனார் மகள் கேட்டுவிட்டு வந்து, "ரொம்ப நல்லாச் சொல்லிக்குடுத்தாரு அத்தை" என்றாள். நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார். முடி நரைத்திருந்தது. குரல் அப்படியே இருந்தது.

"பஞ்சவர்ணம் எப்புடி இருக்கு? இந்தத் தடவ ஸ்கேன்ல எல்லாம் சுத்தமா வந்திருக்கே, சந்தோசம்."

"உங்களுக்கு எப்புடித் தெரியும் சார்?"

"அன்னிக்குப் போட்ட பாஸ்வேர்ட இன்னும் மாத்தல அது" என்றார். உண்மையாகவே வருத்தப்படுகிற மாதிரி தலையை ஆட்டினார். "மாத்துங்க மாத்துங்கன்னு எத்தன வருசமாச் சொல்றேன். ஆரு கேக்குறா?" பந்தி கூப்பிட்டதும் இலையைப் பார்த்துப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பஸ் ஏறி அக்காவின் ஊருக்குப் போனேன். மதுரையிலேயே அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் முடிந்து, வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக்கொண்டு இருக்கிறார். இடது கை வீங்கியிருக்கிறது. கனமாக எதையும் தூக்குவதில்லை. தொழுவத்தில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "வா பாப்பா, வெயில்ல வாரீகளே" என்று பாதி ஒருமையும் பாதி மரியாதையுமாகக் கூப்பிட்டார். டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னேன்.

அக்கா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"சுத்தமா இருக்குன்னா சொன்னாரு?"

"ஆமாக்கா. நீங்க பாக்கலயா?"

"திங்கக்கெழம டாக்டரு சொல்லுவாருன்னு இருந்தேன்." கையில் ஒட்டியிருந்த தழையை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். "நல்ல சேதியும் அவரு பாத்துட்டுத்தான் எனக்கு வரணுமா?"

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்குச் செவ்வாக்கெழம. என்னிக்கோ தெரியத்தான போகுது, இல்லேங்கல. ஆனா அந்த வெள்ளிக்கெழம எங்க கொழுந்தன் மகனுக்குக் காதுகுத்து. கெடா வெட்டு. சேலையெல்லாம் எடுத்து வச்சிருந்தேன் பாப்பா. அண்ணன் மக ஞாயித்துக்கெழமதான வந்திருக்கும். அதுவரைக்கும் நான் நல்லா இருந்திருப்பேன்ல."

போனை வாங்கி ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்தேன். பழைய பாஸ்வேர்டு அவருடைய மகன் பெயர், பின்னால் அவன் பிறந்த வருஷம். மாற்றுகிற இடத்துக்குப் போய், "புதுசா ஒண்ணு சொல்லுங்கக்கா, போட்டுத் தர்றேன். ஆரும் நெனைக்க முடியாததா இருக்கணும்" என்றேன்.

அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"நானே போட்டுக்கிறேன். நீ செத்த அங்குட்டுத் திரும்பிக்க பாப்பா."

நான் தொழுவத்துப் பக்கம் திரும்பி நின்றேன்.